டீயும் கருந்துளையும்

களமருதூர் டீக்கடையில் டிகாஷனில் பால் விழும்போது பாருங்கள். வெள்ளைச் சுருள் ஒரு கணம் நெளியும். அப்புறம் கலந்துவிடும், பிரியவே பிரியாது. இந்தக் கலைசலின் அளவுதான் என்ட்ரோபி. அது கூடிக்கொண்டேதான் போகும்.

வானத்திலோ, பரவிக் கிடந்த வாயுவை ஈர்ப்புவிசை திரட்டி விண்மீனாக்குகிறது. மொத்த என்ட்ரோபி குறைந்துவிட்டதா? அதுதான் இல்லை. சுருங்கச் சுருங்கச் சூடேறி, வெளியே கொட்டும் ஒளியும் வெப்பமும் கணக்கை நேர்செய்து மிச்சமும் வைக்கின்றன.

எரிந்து ஓய்ந்தபின் விண்மீன் என்னவாகும்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே ஒரு கணக்குப் போட்டார். எரிந்து ஓய்ந்த விண்மீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால், சுருங்கிய ‘வெள்ளைக் குள்ளன்’ விண்மீனாக நிலைக்காது, மேலும் சுருங்கும். மிகப் பெரியவை கருந்துளையாகும். அங்கேயும் என்ட்ரோபி கூடத்தான் செய்கிறது: சூரியன் நிறையில் ஒரு கருந்துளை இருந்தால், அதற்குச் சூரியனைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் என்ட்ரோபி!