கையில் இருக்கும் கருவி போதும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழா மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் முடித்துவிடுகிறேன். நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. இசையில் எனக்கு இருப்பது வெறும் கேள்வி ஞானம். ஆனால் பாட்டுகளை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று படிப்பதில் ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆசை வந்துவிட்டது. அதில் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

முதலில் லண்டன். பீட்டில்ஸ் குழுவினர் 1967-ல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை 4 டிராக் டேப் இயந்திரங்களில்தான் பதிவு செய்தார்கள். நான்கு டிராக்கும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தில் ஒரே டிராக்காக ஏற்றுவார்கள். மீதி மூன்றில் புதிய வாத்தியங்களைச் சேர்ப்பார்கள். பேரேட்டில் பக்கத்துக் கூட்டலைப் போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது போலத்தான். கலந்த பிறகு டிரம்ஸை மட்டும் குறைக்கவோ, கிட்டாரை மட்டும் கூட்டவோ முடியாது. அதனால் அந்தந்தக் கட்டத்திலேயே காது கொடுத்துக் கேட்டு முடிவெடுத்தாக வேண்டும். இன்று கம்ப்யூட்டரில் நூறு டிராக் வைத்துக்கொள்ளலாம். முடிவை நாளைக்குத் தள்ளிப்போடவும் அதே வசதி இடம் கொடுக்கிறது. இசை செய்து பார்க்கும் நம் பிளாக் பிள்ளைகள் ஒரு பாட்டையாவது நான்கே டிராக்கில், ஒரே மாலையில் முடித்துப் பாருங்கள்.

இரண்டாவது அமெரிக்கா. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அப்போதே பெரிய நட்சத்திரம். 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து, கேசட்டில் பதியும் ஒரு சிறிய 4 டிராக் கருவியில் தன் புதிய பாட்டுகளைப் பாடி வைத்தார். மைக் இரண்டே இரண்டு. குழுவினருக்கு மெட்டைக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு அது. பிறகு ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். ஒலி சுத்தமாக வந்தது, ஆனால் பல பாட்டுகளில் அந்தப் படுக்கையறைத் தனிமை காணாமல் போயிற்று. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே கேசட்டில் இருந்த 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டு குழுவோடு வாசித்தபோதுதான் எழுந்து நின்றது. 1984-ல் அது வேறொரு ஆல்பத்தின் தலைப்புப் பாட்டாகவே வந்தது. ஆக, சின்னக் கருவிதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பாட்டுக்கு எது தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் காதுதான் இதில் தொழில்.

இனி நம் விஷயம். இந்தக் குடியிருப்பில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாக்கள், பாட்டிமார்கள் பலர் இருக்கிறார்கள். அவரவர் ஊர்த் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு அவர்கள் வாயில் இருக்கிறது. அவர்களுடைய போட்டோ எல்லோர் வீட்டிலும் உண்டு. குரல் எத்தனை வீட்டில் இருக்கிறது? "நல்ல மைக் வாங்கிப் பதிவு செய்யலாம்" என்று காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் கையில் இருக்கும் போன் போதும்.

சில சின்ன விஷயங்களைக் கவனித்தால் பதிவு நன்றாக வரும். ஹாலைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தையும் தலையணையும் எதிரொலியைக் குடித்துவிடும். துணி பீரோவைத் திறந்து வையுங்கள். குளியலறையில் குரல் இனிமையாகக் கேட்கும், ஆனால் பதிவில் ஏறிவிட்ட எதிரொலியை எடுப்பது கஷ்டம். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரில் இல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். அப்போதுதான் 'ப' சொல்லும்போது காற்று அடிக்காது. பெயர், ஊர், தேதி மூன்றையும் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். இடையில் இருமினால் நிறுத்தாதீர்கள், இருமலும் அவர்களுடையதுதான். முடிந்ததும் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். இது வங்கிக்காரன் புத்தி!

செயலாளருக்கு என் வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் நூலக அறையை இதற்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் மட்டும் மோட்டார் போட வேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். பதிவு செய்ய நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட வருபவர்களைக் கைபிடித்து லிஃப்டில் அழைத்துவர நான் இருக்கிறேன்.