உதவிக்கும் ஒரு சுவர் வேண்டும்

(மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்த தன்னார்வலர்களுக்காக நம் சங்கக் கூடத்தில் நடந்த கூட்டத்தில், சமூகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் இத்தனை பேர் வந்திருப்பதே பெரிய விஷயம். நம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்பவர்கள், காவலாளிகள், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்லித் தரப் போகிறோம். கணக்கும் ஆங்கிலமும் எப்படி நடத்துவது என்று நம்மிடையே உள்ள ஆசிரியர்கள் சொல்வார்கள். உதவி செய்கிறவர் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னிடம் கேட்டார்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே குடிவருவதற்கு முன், வேறொரு அடுக்குமாடியில் இருந்தோம். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, தன் கணவருக்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்றார். அழவில்லை. "யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சும்மா" என்றார், அவ்வளவுதான். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று எனக்குக் கவலை. பக்கத்து வீட்டுத் தோழியிடம் சொன்னேன். அவரும் நல்ல மனதோடு, எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு உதவி கேட்டுவிட்டார்.

இரண்டு நாளில் 8,000 ரூபாய் சேர்ந்தது. அதே இரண்டு நாளில் மூன்று வீடுகளில் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்களாம். நோய் வந்தது கணவருக்கு. சரியாக மருந்து சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே அடுத்தவருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? பணத்தைக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களை நம்பித்தானேம்மா சொன்னேன்" என்றார். அந்த மாதத்தோடு எங்கள் வீட்டு வேலையையும் விட்டுவிட்டார்.

பல வருடம் இதையே தொழிலாகச் செய்தவள் நான். அலுவலகத்தில் யாருடைய விஷயத்தையும் வெளியே விட்டதில்லை. வீட்டில், சமையலறையில், அந்தப் பழக்கம் கழன்றுவிட்டது. நமக்கு உதவி செய்யும் ஆசை வரும்போதுதான் இது அதிகம் நடக்கும். அதனால் சில விதிகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது. பிள்ளைகள் நம்மிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். அப்பா குடித்தது, அம்மா அழுதது, வீட்டு வாடகை பாக்கி, எல்லாம் வரும். அது லிஃப்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுவதற்கு அல்ல. உதவி திரட்ட வேண்டுமென்றாலும், சம்பந்தப்பட்டவரிடம் "இதை இன்னாரிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டு, அவர் சரியென்ற பிறகே சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமலே உதவி கேட்க முடியுமென்றால் அப்படியே கேட்கலாம்.

இரண்டாவது, இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று தொடங்கினால், சத்தியம் செய்துவிடாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. 'குடும்ப மானம்' என்று நாம் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசக் கூடாது. பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பெரியவர்கள் யாராவது உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் பேசினால் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

மூன்றாவது, இரட்டை உறவு. அலுவலகத்தில் வேலை செய்த எங்களுக்கு இது அபூர்வமாக வரும். அடுக்குமாடியில் இது தினசரி. உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் மகளுக்கு நீங்களே பாடம் எடுத்தால், நீங்கள் முதலாளியா, டீச்சரா? ஒரு நாள் அந்த அம்மா லீவு கேட்கும்போது, "உன் பொண்ணுக்கு நான் இவ்வளவு பண்றேன்" என்று உங்கள் வாயில் வராமல் இருக்கலாம். ஆனால் அவர் மனதில் அது ஓடும். சம்பளம் கூட்டிக் கேட்க நாக்கு எழாது. ஆகவே ஒருவர் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளைக்கு வேறு பிளாக்கைச் சேர்ந்தவர் பாடம் எடுக்கும்படி பட்டியலை மாற்றியிருக்கிறோம். யாரும் வருத்தப்பட வேண்டாம்.

நான்காவது, பணம். தனியாகக் கடன் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் நம் கண்ணில் படாமல் ஒதுங்குவார், அவருடைய பிள்ளையின் வகுப்பும் அதோடு நின்றுபோகும். தேவை என்றால் குழுவிடம் சொல்லுங்கள். சங்க நிதியிலிருந்து, இரண்டு பேர் கையெழுத்தோடு, கடனாக இல்லாமல் உதவியாகப் போகட்டும். பிள்ளைகளின் வீட்டிலிருந்து பரிசுப் பொருள் வந்தாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். பொங்கலுக்கு ஒரு துண்டு கரும்பு வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது, புகைப்படம். நோட்டுப் புத்தகம் கொடுக்கும் கையும் வாங்கும் முகமும் தெரிகிற படம் நம் செய்திமடலுக்கு வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. நம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் இலவசமாக எதையோ வாங்குகிற படம், நம்மைக் கேட்காமல் ஊரெல்லாம் சுற்றினால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆறாவது, வகுப்பு இந்தக் கூடத்தில்தான். யாருடைய வீட்டிலும் இல்லை. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. இது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

இத்தனை விதி எதற்கு, நல்ல மனம் போதாதா என்று சிலருக்குத் தோன்றும். மேரி கிளப்வாலா ஜாதவ் இந்த நகரத்தில் எத்தனையோ தன்னார்வப் பணிகளை முன்னின்று நடத்தியவர். அவரேதான் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். நல்ல மனத்துக்கும் பயிற்சி தேவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகாவில், மனமுடைந்து அழைப்பவர்களிடம் பேசுகிறவர்கள் நம்மைப் போன்ற தன்னார்வலர்களே. பயிற்சிக்குப் பிறகுதான் அவர்கள் அந்த இடத்தில் உட்காருகிறார்கள். கேட்டதை வெளியே சொல்வதில்லை.

கடைசியாக, நம் ஊர் விஷயம் ஒன்று. இந்தக் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமியின் யோசனைப்படி, இங்குள்ள சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. தலித் குடும்பம் ஒன்றும் தலித் அல்லாத குடும்பம் ஒன்றும் ஒட்டினாற்போல, நடுவில் ஒரே சுவர். இவ்வளவு நெருக்கத்தில் வாழ்வதுதான் அதன் நோக்கம். ஆனாலும் நடுவில் சுவர் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் குடும்பத்தின் கஷ்டநஷ்டம் இந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். கதவைத் தட்டினால் அடுத்த வீட்டுக்காரர் வருவார். யாரும் யாருக்கும் கீழே இல்லை.

நாம் வைத்துக்கொள்ளும் விதிகளும் அந்தச் சுவர் மாதிரிதான். பிள்ளைகளை நெருங்கி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வீட்டுக் கதவை மட்டும் அவர்களே திறக்கட்டும்.

அந்த அம்மாவை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவருடைய கணவர் குணமாகியிருப்பார் என்று நம்புகிறேன். வரும் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. போகும்முன், வாசலில் உள்ள உறுதிமொழிப் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.