வலியும் கடிகாரமும்

நிறைமாதப் பெண் இடுப்பைப் பிடித்தால் போதும், வீடே ஆட்டோ தேடி ஓடும். கொஞ்சம் பொறுங்கள், அது சூட்டு வலியாகவும் இருக்கலாம். பாட்டி சீரகக் கஷாயம் வைப்பார். கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அது அடங்கிவிடும். பிரசவ வலி அப்படி அடங்காது. வயிறு கல்லாக இறுகும், விடும், மறுபடி இறுகும். போகப் போக வலி கூடும், இடைவெளி குறையும்.

அந்த இடைவெளியை எண்ணுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எண்ண வேண்டும், முடிந்ததிலிருந்து அல்ல. 6.10-க்கு ஒன்று, 6.15-க்கு அடுத்தது என்றால் இடைவெளி 5 நிமிடம். காலண்டர் தாளின் பின்புறம் குறித்தாலே போதும், அதற்கொரு ஆப் எதற்கு? தலைப்பிரசவம் என்றால், 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே போனால் கிளம்பலாம். அடுத்த பிரசவம் பெரும்பாலும் வேகமாக நடக்கும். அதற்கும், ஆஸ்பத்திரி தூரமென்றாலும், முன்னதாகவே புறப்படுங்கள்.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலை வலித்துக் கண் மங்கினாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி கண்டாலோ கடிகாரத்தையே பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். செக்கப் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.