பழைய கணினியும் அமானிதமும்

 

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிவுற்றதால், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நம்மவர் சிலரும் கணினியை மாற்றுகின்றனர். பழையதில் லினக்ஸ் நிறுவினால் மதரஸாப் பிள்ளைகள் தட்டச்சு பழகலாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. உறையிலிட்டால், நிக்காஹ் பதிவேட்டின் நகலை அதில் காக்கலாம்.

பிறருக்குக் கொடுக்கும்போதுதான் கவனம் தேவை. நம் அலுவலகக் கணினியை எடைக்குப் போட்டபோது, ஜகாத் பெற்றோரின் பட்டியல் அதிலிருந்ததை நானும் மறந்தேன்; மறுநாள் ஓடிச்சென்று மீட்டோம். “அழித்துவிட்டோமே!” என்றார் ஒரு சகோதரர். கோப்பை அழித்தால் அதன் முகவரிதான் நீங்கும். வேறொன்று மேலே பதியும்வரை எழுத்துகள் வட்டிலேயே கிடக்கும். ஏழையின் மானமும் அமானிதமன்றோ! எனவே வட்டு முழுவதையும் மேலெழுதித் துடைத்த பின்னரே கொடுங்கள். எஸ்.எஸ்.டி. வகைக்கு முறை வேறு. விவரமறிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.