இரவு நிறைய உண்டும் காலையில் பசிப்பது ஏன்?

(பாகான் டாலாமில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம் நாட்டுத் தமிழ் மக்கள் காலையில் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்பது, "பசியாறிவிட்டீர்களா?" என்பதே. காலை உணவையே நாம் பசியாறல் என்று வழங்கி வருகிறோம். காலையில் பசி வருவது இயல்பு, அதை ஆற்றுதல் கடமை என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. எனவே காலையில் பசித்தல் குறையன்று.

ஆனால், தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தபோது பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் கேட்ட கேள்வி வேறு வகையானது. "ஐயா, இராத்திரி பத்து மணிக்கு மூன்று தட்டுச் சோறு சாப்பிடுகிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால், இரண்டு நாள் பட்டினி கிடந்தவன்போல வயிறு காந்துகிறது. போட்டது போதவில்லை போலும் என்று இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் பார்த்தேன். அப்படியும் தீரவில்லை" என்றார். அருகில் நின்ற அவர் மனைவியார், "உலையில் அரிசியைக் கூட்டிக் கூட்டி மாளவில்லை, ஐயா" என்று சிரித்தார். அவர் சிரித்தாலும், அக்கேள்வி சிரித்துத் தள்ளக் கூடியதன்று. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

இங்குக் கூடியிருக்கும் உங்களுள் பலர் செபராங் பிறை வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் இடம் கொடுத்துவிட்டன. சிலர் இன்னும் பால் வெட்டுகிறீர்கள். சிலர் துறைமுகத்திலும் பிறைத் தொழிற்சாலைகளிலும் முறை மாறி வேலை செய்கிறீர்கள். தொழில் மாறினாலும் இரவில் நிறைய உண்ணும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? பால்மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் சுரக்கும். அந்நேரத்தில் மரத்தினுள் நீர் நிறைந்து அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். ஆதலால் தொழிலாளி இருட்டிலேயே எழுகிறார். ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டுப் பிரட்டுக்குப் போகிறார். நிரையை வெட்டி முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் நண்பகல் ஆகிவிடும். அசதியில் ஏதோ கொஞ்சம் உண்டு படுக்கிறார். பகல் முழுவதும் உடல் கேட்ட கடனை எல்லாம் இரவில் ஒரே தட்டில் தீர்க்கிறார். இரவு மிகுதியாக உண்பதன் வேர் பெரும்பாலும் இரவில் இல்லை. குறைவாக உண்ட பகலில்தான் இருக்கிறது.

இனி, அவ்வளவு உண்டும் காலையில் ஏன் பசிக்கிறது என்பதைக் காண்போம். "வயிறு விரிந்துவிட்டது, அதனால் இன்னும் கேட்கிறது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். ஓரிரவில் அப்படி நேர்வதில்லை. உணவு வரும்போது வயிறு தளர்ந்து இடம் கொடுக்கும். சில மணி நேரத்தில் அது கீழிறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். உண்மையான காரணங்கள் வேறு. அவற்றுள் மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, சீனியின் ஏற்றமும் இறக்கமும். சோறு, ரொட்டி சானாய், மீ, இனிப்புப் பானம் ஆகியவை செரித்ததும் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலின் என்னும் சுரப்பை விடுகிறது. இன்சுலினை ஸ்டோர்க் கிராணி என்று வைத்துக்கொள்ளலாம். வந்த சரக்கைத் தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பிலும் அடுக்கிப் பூட்டுவது அதன் வேலை. சரக்கு மிகுதியாக வந்தால் கிராணியும் விரைந்து பூட்டுவார். அதனால் சிலருக்கு இரத்தத்திலுள்ள சீனி, உணவுக்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். உண்ட இரண்டு, மூன்று மணி நேரத்தில் சீனி பெரிதும் இறங்கியவர்கள், மற்றவர்களைவிட விரைவில் பசித்து, அந்நாளில் ஏறத்தாழ 300 கலோரி கூடுதலாக உண்டனர். ஸ்டோர் நிறைந்திருந்தும் வாசலில் பசி நிற்பது இதனால்தான். மேலும், ஒரே உணவைக் காலையில் உண்பதைவிட இரவில் உண்டால் சீனி அதிகமாக ஏறும். இரவில் உடல் அதனைக் கையாளும் திறன் குறைவு.

இரண்டாவது, நேரம். அமெரிக்காவில், பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் உடல் பருத்த 16 பேரைக் கொண்டு செய்த சோதனை 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுக்கு ஒரே உணவை ஒரே அளவில் கொடுத்தனர். ஒரு முறை வழக்கமான நேரத்திலும், மறுமுறை நான்கு மணி நேரம் தாமதித்தும் கொடுத்தனர். உணவின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆயினும் தாமதமாக உண்டபோது பசி மிகுந்தது. "போதும்" என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பு குறைந்தது. உடல் எரிக்கும் சக்தியும் குறைந்தது. எவ்வளவு உண்கிறோம் என்பதோடு எப்போது உண்கிறோம் என்பதும் பசியை ஆட்டிவைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, உறக்கம். நிறைந்த வயிற்றோடு உடனே படுத்தால் புளித்த நீர் நெஞ்சுக்கு ஏறும், புரண்டு படுப்போம், உப்பும் காரமும் மிகுந்திருந்தால் நடுஇரவில் தாகம் எழுப்பும். பால் வெட்டுகிறவரோ நாலரை மணிக்கு எழுந்தாக வேண்டியவர். 2004ஆம் ஆண்டில் சிக்காகோ நகர ஆய்வாளர்கள், நல்ல உடல்நலமுள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டனர். அவர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு 28 விழுக்காடு ஏறியது. லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது. இனிப்பும் மாவுப்பண்டமும் வேண்டுமென்ற ஆசையும் கூடியது. காலையில் எழுந்ததும் ரொட்டி சானாயும் கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் நம்மை அழைப்பதற்கு நாக்கு மட்டும் காரணமன்று என்று அறிக.

எல்லாருக்கும் இது ஒரே வகையில் நிகழ்வதில்லை. இரவில் நிறைய உண்டபின் காலையில் பசியே இல்லாதவர்களும் உளர். அவர்கள் பசியாறாமல் வேலைக்குப் போய், பகலில் குறைத்து, இரவில் மீண்டும் மிகுதியாக உண்கின்றனர். அவர்கள் போகும் பாதை வேறாயினும், போய்ச் சேரும் இடம் ஒன்றே.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பெற்ற சுகாதார ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு எனப்படும் இனிப்புநீர் காணப்பட்டது. இந்தியரிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு, அதாவது, மூவரில் ஒருவர் என்னும் அளவை நெருங்கியது. இனிப்புநீரால் கண் மங்கியவரையும், புண் ஆறாமல் காலை இழந்தவரையும் அறியாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அரிது. பருமனும் இரவில் மிகுதியாக உண்ணும் பழக்கமும் அந்நோய்க்கு வழி திறந்து விடுகின்றன.

பினாங்கில் வாழும் நமக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோள்கம்பில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதனால் நாசி கண்டார் என்னும் பெயர் வந்தது. தோளில் காண்டாக் கம்பு சுமந்து பால் எடுத்த முன்னோரின் பிள்ளைகளாகிய நமக்கு அச்சுமையின் அருமை தெரியும். அவ்வுணவு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு வலிமை தந்தது. இன்றோ, உழைத்து முடித்து உறங்கப்போகும் நேரத்தில், பல குழம்புகளும் கலந்து ஊற்றிய ஒரு தட்டை முடித்து, தே தாரிக்கும் குடித்துவிட்டுப் படுக்கிறோம். நாசி கண்டாரை விடுக என்று நாம் சொல்லவில்லை. அதை நண்பகலில், சோற்றைக் குறைத்து உண்க என்றே சொல்கிறோம்.

இனி, செய்ய வேண்டியவை யாவை? கணக்கு எளிது. இரவு பத்து மணி உணவை ஏழு மணிக்கு மாற்றினால், உறங்கப் போகுமுன் உணவு இறங்க இரண்டு, மூன்று மணி நேரம் கிடைக்கும். தட்டில் பாதி கீரையும் காய்கறியும் பழமும், கால் பகுதி மீன், முட்டை, பருப்பு, கால் பகுதி சோறு என்பது நம் சுகாதார அமைச்சு கூறும் "சுகு சுகு செபாரோ" முறை. அதையே இரவுக்கும் கைக்கொள்க. பிரட்டுக்குப் போகுமுன் வெறுங்கோப்பியோடு நில்லாது, ஒரு முட்டை, அவித்த பயறு, அல்லது பருப்புச் சாம்பாரோடு இரண்டு தோசை உண்டு செல்க. பத்து மணி இடைவேளைக்கு நிரையில் உண்ணச் சிறு பொட்டலம் ஒன்று எடுத்துச் செல்க. பகலில் பசி தணிந்தால் இரவுப் பசி தானே அடங்கும். இரவில் ஒரு கவளம் மிகுதியாகக் கேட்டால், முதலில் ஒரு குவளை நீர் அருந்திப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்க. இரவு முறை வேலை செய்வோர் வேலைக்குப் போகுமுன் முதன்மை உணவை உண்டு, நடுஇரவில் சிறிதளவே உண்பது நன்று.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கணவருக்கும் பிள்ளைக்கும் மிச்சம் வைத்து, கடைசியில் பானையில் கிடப்பதை எல்லாம் வழித்து உண்டு படுப்பவர் நீங்களே. உங்கள் உடல் குப்பைத் தொட்டியன்று. மிஞ்சியதை மூடி வையுங்கள்; மறுநாள் காலை அதுவே பசியாறலாகட்டும்.

ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். எவ்வளவு உண்டும் பசி, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் இளைப்பு ஆகியவை சேர்ந்து வந்தால், அது இனிப்புநீரின் அறிகுறியாக இருக்கலாம். இனிப்புநீருக்கு மாத்திரை உண்பவரோ ஊசி போடுபவரோ விடியற்காலையில் கடும்பசியோடு வியர்த்து நடுங்கினால், சீனி அளவு மிகவும் இறங்கியிருக்கக் கூடும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு மருத்துவரை நாடுக. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாது உடனே மருத்துவ உதவியை அழைக்க. மருந்து உண்போர் உணவு நேரத்தை மாற்றுமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது இன்றியமையாதது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்டே.

நம்மிடம் கேள்வி கேட்ட தொழிலாளரையும் இரத்தச் சோதனைக்கு அனுப்பிவைத்தோம். அவருக்குச் சீனி எல்லையைத் தாண்டியிருந்தது. அதுவரை அவர் அதை அறியார். பசியென்று அவர் நினைத்தது, உடல் அவருக்கு விடுத்த கடிதம். நல்லவேளையாக அதை அவர் பிரித்துப் படித்தார். இப்போது மருந்து உண்கிறார்; இரவில் ஏழு மணிக்கே ஒரு தட்டோடு எழுந்துவிடுகிறார். காலையில் இன்னும் பசிக்கிறதாம். ஆனால் அது காந்துவதில்லை என்கிறார். உலை அரிசி குறைந்துவிட்டது என்பது அவர் மனைவியாரின் செய்தி.

திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில் மருந்தைவிட உண்ணும் அளவையே மிகுதியாகப் பேசுகிறார். நீங்களும் அளவை அறியாதவர் அல்லீர். ஒரே நாளில் ஆழமாக வெட்டிப் பாலைக் கொட்டவைத்தால் பட்டை புண்ணாகி, மறுநாள் மரம் சுரக்காது என்பது உங்கள் கைகளுக்குத் தெரியும். மரத்துக்குக் காட்டும் அந்த நிதானத்தை உங்கள் வயிற்றுக்கும் காட்டுங்கள் என்று கேட்டு அமைகிறோம்.