பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவது எப்படி?

(கொல்லிமலை அடிவாரக் கிராமமொன்றில் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் உபாத்தியாயர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொல்லிமலைக்கு அழைத்துக்கொண்டு போவதென்று உபாத்தியாயர்கள் முடிவு செய்திருக்கிறார்களாம். அதில் பெற்றோர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருப்பதாகவும், அதைப்பற்றி நாம் பேசவேண்டுமென்றும் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். எட்டாம் வகுப்போடு நின்றுபோய், பிறகு கைக்குக் கிடைத்ததைப் படித்தும், கண்ணில் பட்டதைக் கேட்டும் தெரிந்துகொண்டவர்கள். ஆதலால் நாம் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேட்டு, யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் படித்த காலத்தில் "ஒரு விதையிலைத் தாவரம், இரு விதையிலைத் தாவரம்" என்று ஒரு பாடம் உண்டு. அதை நாம் வரிவிடாமல் ஒப்பித்து மார்க்கு வாங்கினோம். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு வாழையும் ஒரு புளியமரமும் நின்றன. அந்த வாழைதான் முதலாவது, அந்தப் புளிதான் இரண்டாவது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நமக்கும் தோன்றவில்லை. நான்கு அடி தூரத்தில் இருந்ததைப் பாராமல், புஸ்தகத்தில் அச்சடித்திருப்பதை நம்பினோம். தோழர்களே! கண்ணெதிரில் உள்ளதைப் பாராமல் எழுதி வைத்ததை நம்பப் பழகிய பிள்ளை, நாளைக்கு எவன் எதை எழுதி வைத்தாலும் நம்பத்தானே செய்யும்? இதனால்தான் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதை ஒரு விளையாட்டுச் சங்கதியாக நாம் நினைப்பதில்லை.

இது நம்முடைய சொந்தச் சரக்குமல்ல. ரூசோ என்பவர் 1762-ல் எழுதிய "எமீல்" என்ற புஸ்தகத்தில், பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஏடல்ல, இயற்கையும் அனுபவமுமே என்று வாதாடினார். நம் நாட்டிலும் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு, சுற்றுச்சூழலைப் பற்றிப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. 2005-ம் வருஷத்திய தேசியப் பாடத்திட்ட வரைவும், பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு படிப்பைச் சேர்க்கவேண்டுமென்று சொல்லுகிறது. உத்தரவுக்கும் திட்டத்துக்கும் பஞ்சமில்லை. புளியமரம் மாத்திரம் இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது.

எலுமிச்சம்பழமும் தலைக் கணக்கும்

நிற்க, சில வருஷங்களுக்குமுன் காரவள்ளியில் நாம் நேரில் பார்த்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். மலையேறுமுன் வண்டிகளை நிறுத்தி, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். இதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆனால் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு நிமிஷமும் ஒருவரும் செலவழிக்கவில்லை. சாயங்காலம் வண்டிகள் கீழே வந்து சேர்ந்தபிறகுதான் ஒரு பையன் இல்லை என்று தெரிந்தது. இந்த வண்டிக்காரர் அவன் அந்த வண்டியில் இருப்பதாக நினைத்தார். அந்த வண்டிக்காரர் இந்த வண்டியில் இருப்பதாக நினைத்தார். திரும்ப மேலே போய்த் தேடினார்கள். இருட்டிய பிறகு ஒரு மலைக்கார அம்மாள் வீட்டில், களி தின்றுவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதன்பிறகாவது புத்தி வந்ததா என்றால், "அம்மன்தான் காப்பாற்றினாள்" என்று இன்னொரு தேங்காய் உடைத்தார்கள். களி கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல ஆளில்லை.

அந்தப் பையன் பிழைத்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படிப் பிழைப்பதில்லை. 2024 ஜனவரி 18-ந் தேதி குஜராத்தில் வதோதரா நகரத்து ஹர்ணி ஏரியில், பள்ளிக்கூடத்திலிருந்து உல்லாசமாகப் போன பிள்ளைகள் ஏறிய படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். படகு தாங்கக்கூடியதற்கு மேல் ஆள் ஏற்றினார்கள். பல பேருக்கு மிதவைச் சட்டை கொடுக்கவில்லை. இதை விதி என்பதா? ஆட்களை எண்ணி ஏற்றியிருந்தால், சட்டை மாட்டியிருந்தால், அந்த விதி எங்கே போயிருக்கும்? மனிதன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்குத்தான் விதியென்று பேர் வைத்திருக்கிறோம்.

ஆகவே, போகவேண்டாம் என்று சொல்லும் பெற்றோர்களுடைய பயம் நியாயமான பயமே. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பதல்ல, சரியாக ஏற்பாடு செய்வதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, அழைத்துப் போகும் உபாத்தியாயர் பத்து நாளைக்கு முன்னதாகவே தாம் ஒருமுறை போய்வர வேண்டும். தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, எந்தப் பாறை வழுக்கும் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அந்தப் பத்துப் பேரின் பெயரும் அவர் சட்டைப்பையில் இருக்கவேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணவேண்டும்.

மூன்றாவது, மழைக்காலத்தில் அருவிக்குப் போகக்கூடாது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி, அத்தனையும் திரும்ப ஏறவேண்டும். ஆஸ்துமாக்காரப் பிள்ளையும், நெஞ்சு பலவீனமுள்ள பிள்ளையும் யார் யார் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வண்டி. இந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கவேண்டும். இது தெரிந்த டிரைவர்தான் நமக்குக் காவல். வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது கண்ணேறு அல்ல. உடம்பு ஆடுவதைக் காது ஒன்று சொல்லுகிறது, வண்டிக்குள்ளேயே பார்க்கும் கண் வேறொன்று சொல்லுகிறது. அதனால் வரும் குழப்பம்தான் அது. தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் நசுக்கிய அந்த நான்கு எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால், மோந்து பார்க்கவாவது உதவியிருக்கும்!

ஐந்தாவது, பாம்பு தீண்டினால் மந்திரக்காரனைத் தேடாமல், ஆட்டாமல் அசைக்காமல் நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மலை என்ன பாடம் சொல்லும்?

இவ்வளவு ஏற்பாடும் செய்து, கோவிலில் கும்பிட்டு அருவியில் குளித்துவிட்டு வருவதற்கென்றால், அது யாத்திரையே தவிரப் படிப்பாகாது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நோட்டும் பென்சிலும், மனதில் ஒரு கேள்வியும் இருக்கவேண்டும்.

காரவள்ளியில் புறப்படும்போது ஒரு வெப்பமானியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்கிறது. பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்த இடமுள்ளபோது நிழலில் வைத்து அளக்கட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். காது ஏன் அடைக்கிறது, மேலே சோறு வேக ஏன் நேரமாகிறது என்று கேட்டால், காற்றின் அழுத்தம் குறைவதைச் சொல்லலாம்.

ஆகாயகங்கை என்றால் ஆகாயத்திலிருந்து கங்கை விழுகிறது என்பார்கள். விழுவது கங்கையல்ல, இந்த மலையிலேயே பிறக்கும் அய்யாறு. மழை நின்று பல நாளாகியும் தண்ணீர் எப்படி வருகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். சோலைக்காட்டுக்குள் கையை விட்டு மண்ணை அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இலை மக்கிய அந்த மண் பஞ்சைப்போல் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. காட்டை அழித்தால் கங்கையும் வற்றிப்போகும் என்பதை அந்த ஒரு பிடி மண் சொல்லிவிடும்.

கொல்லும் மலை என்பதாலேயே கொல்லிமலை என்று பேர் வந்ததாகச் சொல்லுவார்கள். கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லுவாள் என்பது பழைய கதை. கதையைக் கதையாகச் சொல்லுங்கள், தவறில்லை. அதோடுகூட, முன்காலத்தில் இப்படிப்பட்ட மலைகளுக்குப் போனவர்களை மலைக்காய்ச்சல் பிடித்துச் சாகடித்தது என்பதையும், அந்தக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறதென்று ரொனால்டு ராஸ் 1897-ல் நம் நாட்டுச் செகந்தராபாத்திலேயே கண்டுபிடித்தார் என்பதையும் சொல்லுங்கள். பாவைக்குப் பயந்தவரையில் ஜனங்கள் செத்தார்கள். கொசுவைக் கண்டுபிடித்த பிறகு பிழைத்தார்கள்.

வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று பழம்பாட்டு இருக்கிறது. அம்பின் வேகம் புலவரின் வேகம் என்று வைத்துக்கொள்ளுவோம். ஆனால் அந்த ஐந்து பிராணிகளில் இன்று இம்மலையில் எது உண்டு, எது இல்லை, இல்லாதது ஏன் போயிற்று என்று மலைக்காரரைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். அது ஒன்றே ஒரு வகுப்புக்குப் போதும்.

மலைக்காரர் வேடிக்கைப் பொருளல்லர்

மலையாளிகள் என்பது இம்மலை மக்களின் பேர். இவர்கள் பேசுவது தமிழ்தான். நம் பிள்ளைகள் போய் அவர்களை மிருகக்காட்சிசாலையில் பார்ப்பதுபோல் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வருவது மிகவும் இழிவான காரியம். அவர்கள்தான் அன்றைக்கு நமக்கு வாத்தியார். ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்து, உட்கார்ந்து கேட்கவேண்டும். வழிகாட்ட வருகிறவருக்கு உரிய கூலியும் கொடுக்கவேண்டும்.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி எப்படி வந்தது என்று அவர்களைக் கேளுங்கள். கீழே ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுக்கின்றன. சாமையோ, உமி நீக்கிக் குத்திப் புடைக்கப் பெண்களின் தோளை ஒடித்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து, உமி நீக்கும் இயந்திரம் வைத்துக்கொடுத்துச் சிறுதானியங்களைக் காக்க வேலை செய்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டென்று கொண்டாடியது. நம் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, உரலில் ஒரு படி சாமையைக் குத்திப் பார்க்கட்டும். கொண்டாட்டம் ஒன்று, குத்துகிறவள் கஷ்டம் வேறொன்று என்பது அப்போது தெரியும்.

யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

கடைசியாக ஒன்று. பெண் பிள்ளை வேண்டாம், "தூரமானால்" என்ன செய்வது என்று ஒரு தாயார் கேட்டதாகச் சொன்னார்கள். அம்மா! அதற்கு வேண்டிய துணியும், ஒரு ஆசிரியையும், ஒரு கக்கூஸும்தான் வேண்டும். மலைக்கும் மரத்துக்கும் தீட்டு என்ன தெரியும்?

பணம் கட்ட முடியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போவதும் அப்படியே. காசுள்ளவனுக்கு மலை, இல்லாதவனுக்குப் பூட்டிய வகுப்பு என்றால், அது பள்ளிக்கூடமே புதிதாக ஒரு ஜாதியை உண்டாக்குவதாகும். எல்லோருக்கும் சேர்த்துப் பணம் திரட்டுங்கள். முடியாவிட்டால் மலைக்குப் போகாதீர்கள். எல்லோரையும் நம்மூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். கொக்கும் கோரையும் நண்டும் பாடம் சொல்லாதா?

அன்றியும் நம் பிள்ளைகள் மேலே போவதுபோல், மலைப் பிள்ளைகளும் கீழே வரவேண்டும். அவர்களுக்கு மலை அதிசயமல்ல, அது அவர்கள் வீடு. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையும், தங்கள் கிழங்கு மாவாகும் ஆலையும்தான் அவர்கள் பார்க்கவேண்டியவை. நம் பிள்ளைகளுக்குக் களி கொடுத்த அந்த அம்மாளின் பேரப்பிள்ளை நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிடும் நாளில்தான் இந்தப் பிரயாணம் பூர்த்தியாகும்.

ஆகவே தோழர்களே! பயப்படவும் வேண்டாம், சாமி பார்த்துக்கொள்ளும் என்று அலட்சியமாக விடவும் வேண்டாம். முன்னதாகப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளை எண்ணுங்கள், ஒருவரையும் விடாமல் அழைத்துப் போங்கள், ஒவ்வொருவரையும் கேள்வி கேட்க விடுங்கள். திரும்பி வந்த பிள்ளை உங்களைக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் சந்தோஷப்படுங்கள்.