குளிர்பதனப் பொருள்களும் சூழலும்: மாநாட்டுத் தலைமை உரை

குளிர்பதனம் என்பது வெப்பத்தை ஓரிடத்தில் வாங்கி வேறோர் இடத்தில் இறக்கும் வேலை. குளிர்சாதனப் பெட்டிக்குள் செல்லும் குளிர்பதனப் பொருள் உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தித் தள்ள, அது பின்புறக் குழாய்களில் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. 1834இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் காப்புரிமை பெற்ற இந்தச் சுழற்சி அடிப்படையில் இன்றும் அப்படியே இருக்கிறது. குழாய்க்குள் ஓடும் பொருள்தான் மாறிவந்திருக்கிறது.

தொடக்ககாலப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு ஆகியவை ஓடின. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன் எரியாது, நச்சுமில்லை, எளிதில் சிதையாது. சிதையாத அந்தப் பண்பே வினையாயிற்று. அடுக்குமண்டலம் வரை சென்ற அதை அங்குள்ள புறஊதாக் கதிர் உடைக்க, வெளிப்பட்ட குளோரின் ஓசோனை அழித்தது. வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் இதுகுறித்து எச்சரித்தனர். 1985இல் அண்டார்டிகாவின் ஓசோன் இழப்பு வெளியானது. இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்த 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் அதில் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். இவ்வகை வாயுக்களைக் குறைக்க 2016இல் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குக் கிகாலித் திருத்தம் ஏற்கப்பட்டது. இந்தியா 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காட்டைக் கைவிட வேண்டும்.

புதிய வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. வீட்டுப் பெட்டிகளில் பரவிவிட்ட ஐசோபியூட்டேன் புவியை மிகக் குறைவாகவே சூடாக்கும், ஆனால் தீப்பற்றும். ஒரு பெட்டிக்குச் சில பத்து கிராம் போதும் என்பதால் அந்த ஆபத்து கட்டுக்குள் நிற்கிறது. கார்களில் பயன்படும் ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சில நாள்களிலேயே சிதைகிறது. சிதைந்து உண்டாகும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமோ நீரில் நெடுங்காலம் தங்குகிறது. கரியமில வாயுவையே குளிர்பதனப் பொருளாக்கலாம். ஆனால் 31 டிகிரி செல்சியசுக்கு மேல் அது திரவமாகாது. மதுரை போன்ற வெயில் ஊரில் அந்த இயந்திரம் மிகை அழுத்தத்தில் ஓடி அதிக மின்சாரம் இழுக்கும். வீணாகும் அழுத்த ஆற்றலை மீட்கும் எஜெக்டர் என்ற கருவியைப் பொருத்தினால் அந்த இழப்பு ஓரளவு குறையும். காந்தக் குளிர்பதனத்துக்கு வாயுவே வேண்டாம்: காடோலினியம் காந்தப்புலத்தில் சூடாகி, புலம் விலகும்போது குளிர்கிறது. 1976இல் அறை வெப்பநிலையில் செய்துகாட்டப்பட்ட இம்முறை, காந்தத்தின் விலையால் இன்னும் வீடுகளுக்குள் பரவவில்லை.

வாயு தீங்கற்றதாக இருந்தாலும், இயந்திரம் மின்சாரத்தை விழுங்கினால் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கூடுதலாக எரியும். ஆகவே ஒரு குளிர்பதன முறையை ஓசோன், வெப்பமேற்றம், மின்செலவு, சிதைந்தபின் எஞ்சும் பொருள் ஆகிய நான்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

புதிய வாயு வந்தபின்னும் பழைய வாயு கோடிக்கணக்கான இயந்திரங்களில் அடைபட்டுக் கிடக்கும். பழுதுபார்க்கும் மெக்கானிக் அதைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்புச் சிலிண்டரில் பிடித்துவைக்க, அவருக்குக் கருவியும் பயிற்சியும் அதற்கான கூலியும் கிடைக்க வேண்டும். இம்மாநாட்டின் அமர்வுகள் முதலில் தீர்வு காண வேண்டியது இதற்குத்தான்.